ஓடுற மெஷின்லேர்ந்து மெமரிய கழட்டறது குழாய மூடற வேலை இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர நான் தினமும் காலைல கடலூர் பஸ் ஸ்டாண்டுல வாங்கி பாண்டி பஸ்ல படிச்சிட்டே போற ஆளு. ரெட்டிச்சாவடி வர்றதுக்குள்ள முதல் பக்கம் முடிஞ்சிடும், கன்னியக்கோயில் தாண்டினா விளையாட்டு, அரியாங்குப்பத்துல ட்ராஃபிக்ல மாட்டினா ராசிபலன் வரைக்கும் போயிடும். இதுவரைக்கும் ஆசிரியருக்குன்னு ஒரு வரி எழுதினதில்ல. இப்ப எழுதறேன்னா காரணம் தீபாவளி முடிஞ்ச வாரம் உங்க கம்ப்யூட்டர் பகுதியில வந்த ஒரு சின்ன பெட்டிச் செய்தி. வெர்ச்சுவல் சர்வர்ல மெமரி பத்தலன்னா குழாய தொறக்கற மாதிரி கூட்டிக்கலாம், வேணாம்னா மூடிக்கலாம், மெஷின நிறுத்தவே வேணாம்னு போட்டிருந்தீங்க. கூட்டிக்கலாங்கறது சரி. மூடிக்கலாங்கறது தான் என் தலையில வந்து விழுந்துச்சு, ஏன்னா எங்க முதலாளியும் உங்க வாசகர், அத அப்படியே கத்தரிச்சு என் மானிட்டர் ஓரத்துல செல்லோடேப் போட்டு ஒட்டிட்டு போயிட்டாரு.

நான் பாண்டியில ஒரு சின்ன கம்பெனியில சர்வர் பாத்துக்கற வேலை. மொத்தமே அஞ்சாறு பேரு. எங்ககிட்ட 64 ஜிபி ரேம் உள்ள ஒரே ஒரு பெரிய மெஷின் இருக்கு, அதுக்குள்ள அஞ்சு வெர்ச்சுவல் மெஷின் ஓடுது, அதாவது ஒரே கம்ப்யூட்டர் அஞ்சு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்குது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கஸ்டமருக்கு. எல்லாம் லினக்ஸ், அடியில கேவிஎம், அதாவது லினக்ஸ்ல இந்த வெர்ச்சுவல் மெஷின ஓட்டற சாஃப்ட்வேர். அதுல ஒண்ணு நேரு வீதி பக்கம் இருக்கற ஒரு ஜவுளிக்கடையோட பில்லிங் சர்வர். அதுக்கு பூட் ஆகும்போது 8 ஜிபி. தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி கவுன்ட்டர்ல பில்லு இழுக்குதுன்னு போன் மேல போன், அப்ப மதியம் சாப்பாட்டு நேரத்துல, மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே, 4 ஜிபி ஸ்டிக் ரெண்டு சொருகினோம். சொருகறதுன்னா நிஜ ஸ்டிக் இல்ல, வெர்ச்சுவல் ஸ்டிக், ஒரு கமாண்ட் தான். ஒரு நிமிஷம் கூட ஆகல, கடையில யாருக்கும் தெரியவும் இல்ல, பில்லு பறந்துச்சு. முதலாளிக்கு ஏக சந்தோஷம், எனக்கு தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கூடவே வந்துச்சு.

பிரச்சனை அதுக்கப்புறம். இன்னொரு கஸ்டமர் ஆடிட்டர் ஆபீஸ், அவங்களுக்கு மாசா மாசம் 20-ம் தேதி ஜிஎஸ்டி 3பி கடைசி நாள், அதுக்கு முந்தின மூணு நாள் அவங்க சர்வர் மூச்சு வாங்கும். பெரிய மெஷின்ல மிச்சம் ரேம் இல்ல. புது ரேம் வாங்கலாம்னா இப்ப விக்கிற விலைக்கு முதலாளி அந்த பேச்சையே எடுக்க விடமாட்டாரு. உங்க பெட்டிச் செய்திய காட்டி, "இன்னாப்பா, ஜவுளிக்கடைக்கு குடுத்த எட்ட புடுங்கி இவங்களுக்கு குடு, நிறுத்தாத, சனிக்கிழமை வியாபாரம் ஓடிட்டு இருக்கு"ன்னாரு. நானும் சரிங்க சார்னு உக்காந்தேன்.

இங்க தான் நான் முட்டாளானது. ஸ்டிக்க கழட்டறதுக்கு உண்டான கமாண்ட குடுத்தேன், அது சமத்தா ரிக்வெஸ்ட் அனுப்பியாச்சுன்னு பதில் சொல்லிச்சு. நான் அத கழட்டியாச்சுன்னு படிச்சேன். முதலாளிகிட்ட "முடிஞ்சிடுச்சு சார்"னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டேன். வந்து பாத்தா பெரிய மெஷின்ல ஃப்ரீ மெமரி அதே நம்பர்ல அப்படியே நிக்குது, ஜவுளிக்கடை சர்வருக்குள்ள போயி பாத்தா அங்கயும் 16 ஜிபி ஜம்முனு இருக்கு. ரெண்டு தடவ, மூணு தடவ குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ரிக்வெஸ்ட் அனுப்பியாச்சு, ரிக்வெஸ்ட் அனுப்பியாச்சு. அனுப்பினது சரி, வாங்கினவன் என்ன சொன்னான்னு தானே பாக்கணும், அத நான் பாக்கல.

விஷயம் என்னன்னா மெமரிய சொருகும்போது மேல இருக்கற பெரிய மெஷின் தான் முதலாளி, குடுக்கறேன் வாங்கிக்கன்னா உள்ள இருக்கற மெஷின் வாங்கிக்கும். கழட்டும்போது அது தலைகீழ். மேல இருந்து ஏசிபிஐ (ஹார்ட்வேரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் பேசிக்கற ஒரு முறை) வழியா ஒரு வேண்டுகோள் தான் போகும், இந்த ஸ்டிக்க கழட்டிக்கலாமான்னு. உள்ள ஓடற லினக்ஸோட மையப்பகுதியான கர்னல் அந்த ஸ்டிக்குல இருக்கற சரக்கையெல்லாம் வேற இடத்துக்கு மாத்தி, அத ஆஃப்லைன் பண்ணி, அதாவது உபயோகத்துலேர்ந்து விலக்கி, சரி எடுத்துக்கன்னு பதில் சொன்னா தான் மேல இருந்து எடுக்க முடியும். அது முடியாதுன்னா முடியாது தான். பிடுங்கறதுக்கு வழி கிடையாது, பிடுங்கினா உள்ள இருக்கறது செத்துடும்.

உள்ள போயி டிமெஸ்ஜி போட்டு கர்னல் லாக்க பாத்தேன், அப்ப தான் கதை தெரிஞ்சுது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அது முயற்சி பண்ணி தோத்து போயி பழையபடி திருப்பி வச்சிருக்கு. அப்புறம் எல்எஸ்மெம்னு ஒரு கமாண்ட் இருக்கு, மெமரிய துண்டு துண்டா காட்டும். நம்ம சாதாரண மெஷின்ல ஒரு துண்டு 128 எம்பி, அதனால 4 ஜிபி ஸ்டிக்குன்னா 32 துண்டு. பக்கம்னா கர்னல் மெமரிய கையாளற சின்ன அளவு, ஒண்ணு 4 கேபி, ஒரு துண்டுக்குள்ள அது 32,768 இருக்கும். ஸ்டிக்க மொத்தமா கேக்காம துண்டு துண்டா நானே கையால ஆஃப்லைன் பண்ணி பாத்தேன், எது மாட்டுதுன்னு தெரியணும்ல. முதல் ஸ்டிக்குல 29 துண்டு சத்தமே இல்லாம போச்சு. மூணு துண்டு மட்டும் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி"ன்னு முரண்டு பிடிக்குது. யானை போயி வால் மாட்டின கதை. 32-ம் போனா தான் ஸ்டிக்கு கழலும், 31 போயி ஒண்ணு நின்னா கூட பிரயோஜனம் இல்ல, அதனால தான் மேல இருந்து கேட்டப்பல்லாம் கர்னல் போன துண்டையும் திருப்பி ஆன்லைன் பண்ணிட்டு கைய விரிச்சிருக்கு.

முதலாளிக்கு இத எப்படி சொல்றதுன்னு யோசிச்சு கடைசில காந்தி வீதி சண்டே மார்க்கெட்ட வச்சு சொன்னேன், அவருக்கு உடனே பிடிபட்டுச்சு, உங்க வாசகர்களுக்கும் அதே போதும்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை காந்தி வீதி முழுக்க தார்பாய விரிச்சு ஜீன்ஸு, செருப்பு, எவர்சில்வர், பொம்மைன்னு கடை. ஏதோ காரணத்துக்காக ஒரு நூறடி காலி பண்ணுங்கன்னா தார்பாய்க்காரர் நாலு மூலைய பிடிச்சு சுருட்டிகிட்டு பத்தடி தள்ளி விரிச்சிடுவாரு, அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அதே நூறடியில ஒரு கரண்ட் பாக்ஸ் சிமெண்ட் போட்டு நட்டு வச்சிருந்தா? அத நகத்த முடியாது, ஏன்னா அதுலேர்ந்து அந்த தெருவுக்கே ஒயர் போயிருக்கு. நூறடியில தொண்ணூத்தெட்டு அடி காலியா இருந்தாலும் லாரி நிறுத்த எடம் கிடைக்காது.

தார்பாய் கடைங்கறது சாதாரண புரோகிராமோட மெமரி. டேட்டாபேஸோ பில்லிங் சாஃப்ட்வேரோ, அதுக்கு தன்னோட பக்கம் நிஜ மெமரியில எங்க இருக்குன்னே தெரியாது, நடுவுல பேஜ் டேபிள்னு ஒரு விலாச புஸ்தகம் இருக்கு, கர்னல் பக்கத்த வேற எடத்துக்கு காப்பி பண்ணிட்டு அந்த புஸ்தகத்துல விலாசத்த மாத்திட்டா போதும், புரோகிராமுக்கு ஒண்ணும் தெரியாது. கரண்ட் பாக்ஸுங்கறது கர்னல் தனக்காக எடுத்து வச்சிருக்கற மெமரி, ஃபைல் பேரு, ஐநோடு (ஃபைல பத்தின குறிப்பு), அந்த பேஜ் டேபிளே, நெட்வொர்க் பஃபர், இதெல்லாம். இத கர்னல் நேரடி விலாசத்துல பிடிச்சு வேலை பாக்குது, யார் யார் அந்த விலாசத்த குறிச்சு வச்சிருக்காங்கன்னு தேடி மாத்த முடியாது. அதனால நகராது.

சரி, தீபாவளிக்கு சொருகின புது ஸ்டிக்குல கர்னலுக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம், நானும் கேட்டேன். தப்பு எங்களோடது தான். கர்னல் மெமரிய ஜோன் ஜோனா, அதாவது வகை வகையா பிரிச்சு வச்சிருக்கும். புதுசா வர்ற மெமரிய எந்த ஜோன்ல சேக்கறதுன்னு சொல்லலன்னா கர்னல் பாட்டுக்கு அத நார்மல் ஜோன்ல சேத்துக்கும், நார்மல் ஜோன்ல யாரு வேணா எங்க வேணா உக்காரலாம். அதுக்கு மேல எங்க ராத்திரி பேக்கப், பன்னெண்டு மணிக்கு மேல லட்சக்கணக்கான பில்லு ஃபைல ஒவ்வொண்ணா தொட்டு பாக்கும், தொட்ட ஃபைலோட பேரையும் ஐநோடையும் கர்னல் ஞாபகத்துக்கு வச்சிக்கும், காலியா கெடந்த புது மெமரியில தான் அதுக்கு நல்ல எடம். பத்து நாளுக்கு மேல பேக்கப் ஓடியிருக்கு. தெருவுல பத்து கரண்ட் பாக்ஸ் நட்டாச்சு.

அந்த மூணு துண்ட விடுவிக்க முயற்சி பண்ணேன். கர்னல் இப்படி ஞாபகத்துக்கு வச்சிருக்கற கேஷ கீழ போடச் சொல்ற ஒரு வழி இருக்கு, டிராப் கேஷஸ்னு ஒரு ஃபைலு, அதுல 2-ன்னு எழுதினா ஃபைல் பேரு, ஐநோடு கேஷ விட்டுடும், 3-ன்னா ஃபைல் உள்ளடக்கத்தையும் சேத்து. வியாபார நேரத்துல 3 போட்டா டிஸ்க்க திரும்ப படிக்க ஆரம்பிச்சு கவுன்ட்டர் இழுக்கும்னு பயந்து 2 மட்டும் போட்டேன். மூணுல ஒரு துண்டு விட்டுச்சு! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், லாட்டரி அடிச்ச மாதிரி. மிச்ச ரெண்டும் அசையல. அதுல கேஷ் இல்லாம வேற ஏதோ நிரந்தரமா உக்காந்திருக்கு. என்ன செஞ்சும் போகல.

ரெண்டாவது ஸ்டிக்கு வேற மாதிரி படுத்துச்சு. அங்க ஒரு துண்டுக்கு பிஸின்னு பதிலே வரல, கமாண்ட் அப்படியே தொங்குது. ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். ஏசி ரூம்ல எனக்கு வேர்த்து ஊத்துது, மெஷினே மாட்டிகிச்சோன்னு. அப்புறம் படிச்சு தெரிஞ்சுகிட்டது, நகத்தக்கூடிய பக்கம் தான், ஆனா யாரோ தற்காலிகமா கையில பிடிச்சிருக்காங்கன்னா கர்னல் சலிக்காம திரும்ப திரும்ப முயற்சி பண்ணிட்டே இருக்கும், நாமளா நிறுத்தற வரைக்கும். கன்ட்ரோல் சி அடிச்சா விட்டுடும், ஒண்ணும் ஆகாது. கர்னல் ஆவணத்துலயே இந்த வேலைய டைம்அவுட் வச்சு ஓட்டுங்கன்னு தான் சொல்லியிருக்கு. அது தெரியாம பத்து நிமிஷம் ஸ்கிரீன முறைச்சிட்டு உக்காந்திருந்தேன். டிஸ்க்குக்கோ நெட்வொர்க் கார்டுக்கோ நேரா டேட்டா அனுப்பறதுக்காக ஒரு புரோகிராம் பக்கத்த பிடிச்சு வச்சிருந்தா இப்படி ஆகும், சில சமயம் அது ரொம்ப நேரம் பிடிச்சு வச்சிருக்கும். ஓடுற சாஃப்ட்வேர நிறுத்திப் பாத்தா தெரியும், ஆனா பில்லிங்க நிறுத்தறதுக்கு சர்வரையே நிறுத்தலாமே.

இன்னொரு விஷயம், இது எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தன் பண்ணினது, அவன் பேரு வேணாம். நான் துண்டு துண்டா போராடிட்டு இருக்கறத பாத்துட்டு, அண்ணே எதுக்கு கஷ்டப்படறீங்க பலூன் இருக்குல்லன்னான். பலூன்ங்கறது உள்ள இருக்கற மெஷினுக்குள்ள ஒரு டிரைவர், அத ஊதினா அது மெமரிய தனக்குன்னு பிடிச்சு மேல இருக்கறவனுக்கு குடுத்துடும். துண்டு கணக்கு, ஸ்டிக்கு கணக்கெல்லாம் கிடையாது, பக்கம் பக்கமா எடுக்கும், அதனால கரண்ட் பாக்ஸ் பிரச்சனையும் அதிகமா வராது. நல்ல வழி தான். ஆனா அவன் எங்களோட டெஸ்ட் மெஷின்ல முயற்சி பண்ணி காட்டறேன்னு ஊதினான் பாருங்க, உள்ள எவ்வளவு தேவைப்படுதுன்னு பாக்காம ஒரே மூச்சுல, கர்னலுக்கு மூச்சு முட்டி, மெமரி தீந்தா புரோகிராம கொல்ற ஓஓஎம் கில்லர் வந்து டேட்டாபேஸையே கொன்னுட்டு போயிடுச்சு. டெஸ்ட் மெஷினா போச்சு. அன்னிக்கு அது ஜவுளிக்கடை மெஷினா இருந்திருந்தா நான் இந்த லெட்டர வேலை தேடிட்டு எழுதிட்டு இருப்பேன்.

இது பலூனுக்கு மட்டும் இல்ல, எந்த முறையில கழட்டினாலும் முதல் கேள்வி இது தான்: மிச்சம் இருக்கறதுல உள்ள இருக்கற சரக்கு கொள்ளுமா? 16 ஜிபியில 11 ஜிபி உபயோகத்துல இருந்தா 8-க்கு இறக்கவே முடியாது, நகத்தறதுக்கு எடம் எங்க இருக்கு. ஃப்ரீன்னு காட்டற நம்பர பாக்காதீங்க, அவைலபிள்னு ஒரு நம்பர் காட்டும் அத பாருங்க. நான் பாத்தது நல்ல வேளை, தீபாவளி கூட்டம் போன பின்னாடி ஆறு ஜிபி கூட ஓடல. எடம் இருந்துச்சு, ஆனாலும் போகல, அதான் கடுப்பு.

அன்னிக்கு கடைசியா நடந்தது என்னன்னா ராத்திரி பத்தேகாலுக்கு கடை ஷட்டர் இறக்கின பின்னாடி போன் போட்டு, சர்வர முழுசா ஷட்டவுன் பண்ணி, 8 ஜிபின்னு மாத்தி திருப்பி ஆன் பண்ணோம். மூணு நிமிஷம். கவுன்ட்டர்ல கணக்கு முடிச்சிட்டு இருந்த அண்ணன், "இவ்வளவு தானா, இத சாயங்காலமே சொல்லியிருந்தா டீ டைம்ல பண்ணியிருக்கலாமேப்பா"ன்னாரு. நான் மூணு மணி நேரம் போராடினது அவருக்கு தெரியாது. முதலாளி மட்டும் மறுநாள் காலைல வந்து மானிட்டர் பக்கத்துல நின்னு, "அப்போ பேப்பர்ல போட்டது பொய்யா?"ன்னு கேட்டாரு. பாதி உண்மை சார்னேன். அவருக்கு அந்த பதில் பிடிக்கல, பேப்பர் மேல அவருக்கு அவ்வளவு மரியாதை, எனக்கும் உண்டு, அதனால தான் இந்த லெட்டர்.

மீதி பாதியையும் போடுங்கன்னு தான் கேக்கறேன். கேவிஎம் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான வீஎம்வேர்ல ஓடற மெஷினுக்கு மெமரி கூட்டலாம், குறைக்க விடவே விடாது, ஆஃப் பண்ணி தான் குறைக்கணும். மைக்ரோசாஃப்டோட ஹைப்பர்-வியில 2016 விண்டோஸ் சர்வர்லேர்ந்து ஓடும்போதே ரெண்டும் செய்யலாம், ஆனா அங்கயும் உள்ள இருக்கறவன் உபயோகத்துல வச்சிருக்கறத பிடுங்க முடியாது. அமேசான் கிளவுட்ல மெஷின் சைஸ் மாத்தணும்னா நிறுத்தி மாத்தி திரும்ப ஸ்டார்ட் பண்ணணும், அங்கயே அப்படி. கேவிஎம்ல முடியும், ஆனா முன்கூட்டியே யோசிச்சு வச்சிருந்தா தான். பூட் ஆகும்போது குடுத்த மெமரிய ஸ்டிக்கு மாதிரி கழட்ட முடியாது, பின்னாடி சொருகினத மட்டும் தான் கழட்ட முடியும், இத யாரும் சொல்றதில்ல.

யோசிச்சு வைக்கறதுன்னா என்ன? புதுசா வர்ற மெமரிய மூவபிள் ஜோன்ல சேத்தா அதுல கர்னல் தன்னோட நகராத சரக்க வைக்காது, தார்பாய் கடைக்கு மட்டும் தான் அனுமதி. எங்க ஜவுளிக்கடை மெஷின்ல கர்னல் 5.4, அதுல தானா ஆன்லைன் ஆகறத நிறுத்திட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஆன்லைன் மூவபிள்னு நாமளே எழுதணும், ஒரு நாலு வரி ஸ்கிரிப்ட். அதுக்கப்புறம் வந்த கர்னல்ல பூட் ஆப்ஷன்லயே மூவபிள்னு சொல்லிடலாம். அதுக்குன்னு ஆசைப்பட்டு எல்லாத்தையும் மூவபிள்ல போட்டுட கூடாது, கர்னலுக்கு உக்கார எடம் இல்லாம போயிடும், ஃப்ரீ மெமரி ஜிபி கணக்குல இருக்கும்போதே மெமரி இல்லன்னு விழும். நார்மல் ஒரு பங்குன்னா மூவபிள் மூணு பங்கு வரைக்கும் பொதுவா பயமில்ல. இதுல இன்னொரு மறைமுக செலவும் இருக்கு, ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கர்னல் 64 பைட்டு கணக்கு புஸ்தகம் எழுதி வைக்கும், 8 ஜிபி சொருகினா 128 எம்பி அந்த கணக்குக்கே போயிடும், அதுவும் சாதாரணமா ஏற்கனவே இருக்கற பழைய மெமரியிலேர்ந்து. 1 ஜிபியில பூட் பண்ணிட்டு 32 ஜிபி சொருகறேன்னு ஒருத்தர் வந்தா பழைய ஒரு ஜிபியில பாதி கணக்கு புஸ்தகத்துக்கே சரி.

எல்எஸ்மெம் காட்டற டேபிள்ல ரிமூவபிள்னு ஒரு நெடுக்கு வரிசை வரும், அத நம்பறதுலயும் கவனம். எங்க 5.4-ல அந்த ரெண்டு துண்டுக்கும் நோன்னு சரியா காட்டுச்சு. ஆனா ஆடிட்டர் ஆபீஸ் மெஷின்ல கர்னல் புதுசு, அங்க எல்லா துண்டுக்கும் எஸ்ஸு எஸ்ஸுன்னு வரிசையா நிக்குது. புது கர்னல்ல அந்த நெடுக்கு வரிசையோட அர்த்தத்தையே எடுத்துட்டாங்க, கழட்டற வசதி கர்னல்ல இருந்தாலே எஸ்ஸுன்னு தான் சொல்லும். அதுக்கு பதிலா ஜோன் காட்டற நெடுக்கு வரிசைய பாக்கணும், மூவபிள்னு இருந்தா தான் நம்பிக்கை.

இதையெல்லாம் விட நல்ல வழி ஒண்ணு இப்ப வந்திருக்கு, வெர்ட்டியோ-மெம். ரெட்ஹேட்ங்கற லினக்ஸ் கம்பெனியில வேலை பாத்த டேவிட் ஹில்டன்பிராண்ட் எழுதினது, 2020-ல லினக்ஸ் 5.8-லயும் க்யூஎமு (கேவிஎம்மோட சேந்து வெர்ச்சுவல் மெஷின ஓட்டற சாஃப்ட்வேர்) 5.1-லயும் சேந்துச்சு. இதுல ஸ்டிக்கே கிடையாது, சின்ன சின்ன துண்டா எடுக்கும், 32-ம் போனா தான் உண்டு இல்லன்னா ஒண்ணும் இல்லங்கற கட்டாயம் கிடையாது. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா அது மறைக்காது, கேட்டது இவ்வளவு, இப்ப இருக்கறது இவ்வளவுன்னு ரெண்டு நம்பரா காட்டும். முழுசா எடுக்க சொல்லி இன்னும் 512 எம்பி பாக்கின்னா அது அப்படியே தெரியும், முதலாளிகிட்ட போயி முடிஞ்சிடுச்சுன்னு நான் உளறியிருக்க மாட்டேன். ஆனா உள்ள இருக்கற கர்னலுக்கு அது தெரிஞ்சிருக்கணும், ஜவுளிக்கடைக்கு அந்த கொடுப்பினை இல்ல, அவங்க சாஃப்ட்வேர்காரர் புது கர்னலுக்கு மாத்தினா பிரிண்டர் வேலை செய்யாதுன்னு பயமுறுத்தி வச்சிருக்காரு. பில்லு பிரிண்டருக்கும் கர்னல் நம்பருக்கும் என்ன ஜென்ம பகையோ.

பொங்கலுக்கு மறுபடி கடையில கூட்டம், மறுபடி ரெண்டு ஸ்டிக் சொருகினோம், இந்த தடவ மூவபிள்ல. காணும் பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாள் விட்டு, பகல் பதினோரு மணிக்கு, கடை முழுக்க ஓடிட்டு இருக்கும்போது கழட்டினேன். முதல்ல உள்ள போயி அவைலபிள் பாத்தேன், அப்புறம் துண்டு துண்டா டைம்அவுட் வச்சு ஆஃப்லைன், அப்புறம் தான் மேல இருந்து வேண்டுகோள். முதல் ஸ்டிக்கு 32-க்கு 32. ரெண்டாவதுல ஒரு துண்டு டைம்அவுட் ஆச்சு, நெஞ்சு திக்குன்னுச்சு, ஒரு நிமிஷம் விட்டு திரும்ப குடுத்தேன் போயிடுச்சு. இந்த தடவ ரிக்வெஸ்ட் அனுப்பியாச்சுங்கறத நம்பாம, டிவைஸ் போயிடுச்சுங்கற செய்தி தனியா வருதான்னு இன்னொரு விண்டோவுல காத்திருந்து பாத்து, பெரிய மெஷின்ல 8 ஜிபி ஏறினதையும் பாத்துட்டு தான் முதலாளிக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன். கட்டை விரல் ஒண்ணு வந்துச்சு. ஸ்வீட் பாக்ஸ் வரல.

அடுத்த தடவ உங்க கம்ப்யூட்டர் பகுதியில இது மாதிரி எழுதும்போது கூட்டறதுக்கு ஒரு வரின்னா குறைக்கறதுக்கு நாலு வரி எடம் குடுங்க சார், என்னை மாதிரி ஆளுங்க மானிட்டர்ல அது ஒட்டப்படுது. அந்த கட்டிங்க நான் இன்னும் கிழிக்கல. குழாய்ங்கற வார்த்தைய மட்டும் ரெட் பேனால அடிச்சு மேல காந்தி வீதின்னு எழுதி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
சர்வர் பாத்துக்கற ஒரு வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.